பார்க்காமல் ஓம் சொல்லாதவர்

லண்டன் டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடை. பாத்திரங்கள் அடுக்கியிருந்த மூலையில் ஒரு பெண் இடியப்ப உரலுக்கு அச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். வீட்டில் உரல் நன்றாக இருக்கிறதாம், அடியில் போடும் அச்சு மட்டும் உடைந்துவிட்டதாம். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டி, "எல்லா உரலுக்கும் இது சரிவரும், கொண்டு போங்கோ" என்றார். என்னோடு மிளகாய்த்தூள் வாங்க வந்த அக்கா அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"உங்கட உரலின்ர உள்வாய் எவ்வளவு?"

அந்தப் பெண் திகைத்துப்போய் விரல்களை வளைத்து ஒரு வட்டம் காட்டினார். அக்கா கைப்பையைத் திறந்தார். மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து வெர்னியரை எடுத்தார். எஃகுத் தாடைகளுக்கு நடுவில் பொருளை வைத்து மில்லிமீட்டரின் பின்னம்வரை அளக்கிற கருவி. அச்சை அதில் பிடித்து அளந்து, அளவை ரசீதுத் துண்டின் பின்புறம் எழுதி அந்தப் பெண் கையில் கொடுத்தார். "வீட்ட போய் உரலை அளந்துபோட்டு வாங்கோ. அவசரப்படாதேங்கோ."

"அக்கா, நீங்கள் வந்தால் எனக்கு வியாபாரம் நடக்காது" என்றார் கடைக்காரர்.

"நாளைக்கு அவ திருப்பிக் கொண்டு வந்து சண்டை பிடிச்சால் நடக்குமோ?"

இவ்வளவுதான் அக்கா. பார்க்காத எதற்கும் ஓம் சொல்ல மாட்டார்; யாழ்ப்பாணத்தில் ஆம் என்பதற்கு ஓம். 'இருக்கும்', 'வரும்', 'அநேகமாகச் சரி' என்ற சொற்களைக் கேட்டாலே முகம் சுளிப்பார். "பார்த்துச் சொல்லுறன்" என்பதுதான் அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். என் வாழ்க்கையின் மிக மோசமான ஒரு மாதத்தில் எனக்கும் ஒரு ஓம் சொல்ல மறுத்தார். அதற்காக அவரிடம் நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெயரைப் போட மாட்டேன். போட்டால், "என்னைக் கேக்காமல் ஏன் போட்டனீர்?" என்று அன்றைக்கே போன் வரும்.

எங்களுக்குள் பழக்கம் உண்டானது துப்பாக்கியால். நம்புவதற்குச் சிரமமாக இருக்கலாம். தென் லண்டனில் நீளமான ஒரு செங்கல் கட்டடம், உள்ளே இருபத்தைந்து கெஜம் தள்ளிக் காகித இலக்குகள், சனிக்கிழமை மத்தியானம் சுடுவதற்கென்று கூடும் இருபது பேர் கொண்ட ஒரு கழகம். என் அலுவலகத்து வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வேடிக்கையாக அழைத்துப்போனாள். அவள் இரண்டு வாரத்தில் வருவதை விட்டுவிட்டாள். நான் விடவில்லை. வாரம் முழுக்க மற்றவர் எழுதிய மென்பொருளில் பிழை தேடுகிறவளுக்கு, மூச்சை அடக்கி ஒரே ஒரு கரும்புள்ளியைப் பார்ப்பது பெரிய நிம்மதியாக இருந்தது.

முதல் நாள், கழகத்தின் துப்பாக்கிகளைப் பராமரிப்பவரைப் பார்க்கச் சொன்னார்கள். மேசை நிறைய திருகாணிகள், நடுவில் குங்குமப் பொட்டும் கம்பளிச் சட்டையுமாக ஒரு தமிழ்ப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மிட்சம் பகுதியில் ஒரு பட்டறையில் வால்வு உறுப்புகளின் அளவு சரிபார்ப்பது அவர் வேலை. காலையிலிருந்து மாலை வரை சரியா பிழையா, சரியா பிழையா. சனிக்கிழமை இங்கே வந்து அதையே சம்பளமில்லாமல் செய்வார்.

"நீர் எந்தக் கை?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. மதுரையில் யாரும் யாரையும் நீர் என்று கூப்பிடுவதில்லை. நாடகத்து ராஜா என் முன்னால் வந்து நின்றதுபோல இருந்தது. யாழ்ப்பாணத்தில் அது உரிமையும் மரியாதையும் சேர்ந்த விளி என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"இடது கைக்கா."

"கண்?"

"ரெண்டும் இருக்குக்கா."

அவர் சிரிக்கவில்லை. தூரத்துச் சுவர்க் கடிகாரத்தை விரலால் மறைக்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, எனக்கு இடது கண்தான் ஓங்கிய கண் என்று கண்டுபிடித்தார். "நல்லது. கையும் கண்ணும் ஒரே பக்கம். சில பேருக்கு மாறிக் கிடக்கும், அவை பாவம்."

யாழ்ப்பாணத்துப் பெண், கையில் துப்பாக்கி என்றதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். நானும் வைத்திருந்தேன், மூன்றாவது வாரம் கேட்டும்விட்டேன். அக்கா கோபிக்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன முகம். "அங்க நான் துவக்கைக் கண்டால் ஓடின ஆள். ஆர் வைச்சிருந்தாலும் ஓடினனான். இஞ்ச வந்த பிறகு எங்கட பட்டறைக்காரர் ஒருத்தர் இந்த இடத்தைக் காட்டினார். இவ்வளவு காலம் பயந்த சாமானுக்குள்ள என்னதான் கிடக்கு எண்டு கழட்டிப் பாக்க வேணும் போல இருந்துது. வேற ஒண்டும் இல்லை."

கழற்றிப் பார்த்தவர் பிறகு நிறுத்தவேயில்லை.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே தானாகக் குண்டு ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி மீதுதான் ஆசை. செமி ஆட்டோ. ஒவ்வொரு முறையும் கையால் பின்னுக்கு இழுத்துத் தள்ள வேண்டியதில்லை, விசையை அழுத்தினால் ஒரு குண்டு போகும், காலிக் கூடு வெளியே தெறிக்கும், அடுத்தது தானே வந்து உட்காரும். இந்த நாட்டில் அந்த வகையில் பாயின்ட் டூ டூ என்கிற சின்னக் குண்டுத் துப்பாக்கிதான் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். அதற்கும் போலீஸ் அனுமதி வேண்டும்.

"எந்தக் கம்பெனி நல்லதுக்கா?"

"அது கடைசிக் கேள்வி. முதல் தோளில வைச்சுப் பாரும், கட்டை நீளமோ குட்டையோ எண்டு தெரியும். பிறகு நீர் போடப்போற குண்டு அதுக்குள்ள ஓடுதோ பாரும். வேகம் குறைஞ்ச குண்டு போட்டால் சில துவக்கு அடுத்ததை ஏத்தாது, நடுவில நிண்டிடும். குண்டு அடுக்கிற மேகசின் கடையில தாராளமாக் கிடைக்குதோ பாரும். எல்லாம் பாத்து முடிய, கம்பெனிப் பேரை வாசியும். அதுக்கு முதல் கழகத்துத் துவக்கால சுடும்."

கழகத்துச் செமி ஆட்டோவில் காலிக் கூடு வலது பக்கம் தெறிக்கும். வலது கைக்காரர்களுக்கு அது வெளியே போய்விடும். இடது தோளில் வைத்துச் சுடும் எனக்கு அது என் முன்னால் குறுக்கே பறக்கும். ஒருநாள் கழுத்து இறங்கிய குர்த்தா போட்டுக்கொண்டு போனேன். நாலாவது குண்டின் கூடு சுடச்சுடச் சட்டைக்குள் விழுந்தது. நான் அலறிக்கொண்டு எழும்ப, அதற்குள் அக்காவின் கை துப்பாக்கிக் குழலை இலக்குப் பக்கமாகவே அழுத்திப் பிடித்திருந்தது.

"துவக்கை முதல் வையும். பிறகு துள்ளும்."

வைத்தேன். பிறகு துள்ளினேன். தேநீர் மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், கழகத் தலைவரான ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அக்கா மட்டும் சிரிக்காமல், "அடுத்த கிழமை கழுத்து மூடின சட்டை" என்றார். நெஞ்சில் மிளகளவு தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்தத் தலைவரும் அக்காவிடம் தப்பியவர் இல்லை. புதிதாகத் தொலைநோக்கி ஒன்று வாங்கினார். அதன் குழாய் ஓர் அங்குலம். அதைத் துப்பாக்கிமேல் பிடித்து நிறுத்தும் வளையங்கள் முப்பது மில்லிமீட்டர். இடைவெளியில் மின்சார டேப்பைச் சுற்றி இறுக்கிவிட்டார். முதல் பத்து குண்டு ஒழுங்காகப் போனது, பிறகு குறி ஒவ்வொரு குண்டுக்கும் நகர்ந்தது. அவர் துப்பாக்கியைத் திட்டினார், குண்டைத் திட்டினார், கடைசியில் தன் கண்ணையும் திட்டினார். அக்கா வளையத்தைத் திறந்து டேப்பை மெதுவாக உரித்தெடுத்து, அவர் தேநீர்க் கோப்பை பக்கத்தில் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்.

என் கதை அதைவிட மோசம். அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னாலேயே நான் விரும்பிய மாடலுக்கு ஒரு மரக்கட்டை வாங்கிவிட்டேன். துப்பாக்கியைத் தாங்கும் அந்தக் கட்டைக்கு அனுமதி தேவையில்லை. இணையத்தில் மாடல் பெயரைப் போட்டு, 'இதற்குப் பொருந்தும்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, வால்நட் மரத்தில், இடது கைக்கென்றே குடைந்தது ஒன்று. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா குழல் உட்காரும் பள்ளத்தை அளந்தார்.

"இது மெல்லிய குழலுக்கு. நீர் ஆசைப்படுறது தடிச்ச குழல்."

"மாடல் பேர் ஒண்ணுதானேக்கா?"

"பேர் ஒண்டுதான். துவக்கு ரெண்டு. இடையில எப்பவோ மாத்தியிருக்கிறாங்கள், திருகாணி ஓட்டையும் தள்ளித்தான் கிடக்கு. நீர் என்ன வேலை செய்யிறனீர்?"

"சாஃப்ட்வேர் டெஸ்டிங்."

"ம்" என்றார். பதினெட்டு வருடமாக, எந்தப் பதிப்புக்கு எது ஒத்துப்போகும் என்று பார்க்காமல் ஒரு வரியைக்கூட விடாதவள் நான். அந்த 'ம்' இருக்கிறதே, அதற்குப் பதில் நாலு வசவு வாங்கியிருக்கலாம்.

அந்த வருடம் என் தம்பி போய்விட்டான். மதுரையில், வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, பைக்கில் போனவனை லாரி அடித்துவிட்டது. நான் விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் அம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன் செய்வது பற்றிப் போனில் சண்டை போட்டு, நான்தான் பாதியில் வைத்தேன். பிறகு பேசவில்லை. இரண்டு வாரத்தில் லண்டன் திரும்பி, மறுநாளே வேலைக்குப் போனேன். எல்லோரும் தைரியசாலி என்றார்கள்.

நோர்பரியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. நான் தனி. அலுவலகம் முடிந்து வந்தால் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பேன். சமைப்பதை நிறுத்தியிருந்தேன். இந்த நிலையில்தான் திடீரென்று துப்பாக்கி விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், மனதைத் திருப்ப என்று சொல்லியிருப்பேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

விண்ணப்பத்தில் நம்மை நன்றாக அறிந்த இருவர் பெயர் கொடுக்க வேண்டும். போலீஸ் அவர்களைக் கேட்கும், இவரிடம் துப்பாக்கி கொடுக்கலாமா என்று. ஒருவர் என் மேலாளர். இன்னொருவராக அக்காவைத் தவிர வேறு யாரையும் நான் யோசிக்கவேயில்லை. ஒரு சனிக்கிழமை தேநீர் மேசையில் சாதாரணமாகச் சொன்னேன்.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "என்ர பேரைப் போடாதையும்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "ஏன்க்கா?"

"கேட்டால் நான் உண்மை சொல்ல வேணும். இப்ப ஓம் எண்டு சொல்லேலாது."

"மூணு வருஷமா என்னைப் பாக்குறீங்க."

"அதால தான்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த மாசம் ரெண்டு தரம் கொடி செருகாமல் துவக்கை மேசையில வைச்சனீர். ரெண்டு தரமும் நான்தான் போட்டு விட்டனான்." துப்பாக்கி காலி என்று காட்டுவதற்காகக் குண்டு புகும் வாயில் செருகும் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கொடியைச் சொன்னார். "நீர் அதை மறக்கிற ஆள் இல்லை. உம்மட சட்டை தொளதொள எண்டு கிடக்கு. நித்திரை கொள்ளுறீரோ தெரியாது. தனிய இருக்கிற வீட்டில, துவக்கோட, இப்ப நீர் சரியோ எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது. "நீங்க யாருக்கா எனக்கு? ஸ்க்ரூவையும் வளையத்தையும் அளக்குற மாதிரி என்னையும் அளக்க உங்களுக்கு யாரு உரிமை கொடுத்தா? எனக்குத் தம்பி செத்துட்டான். அளந்து சொல்லுங்க, எவ்வளவுன்னு." இன்னும் என்னென்னவோ பேசினேன். இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தமிழ் தெரியாததால் தப்பித்தேன். அக்கா எழுந்து வந்து, நான் போகும்போது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

வேறு பெயரைப் போட்டிருக்கலாம். தலைவரைக் கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சம்மதித்திருப்பார். ஆனால் அக்கா முடியாது என்று சொன்ன ஒன்றை வேறொருவரைக் கொண்டு ஆம் என்று சொல்லவைக்க எனக்குக் கை வரவில்லை. கோபத்தில் விண்ணப்பத்தைக் கிழித்துப் போடலாம் என்றால் அது இணையத்தில் இருந்தது. கணினியை மூடினேன்.

மறுநாள் ஞாயிறு காலை அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். அன்றைக்கு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். லூயிஷாமிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருக்கும். குழாய் சொட்டுகிறது, வாஷர் அளவு பார்க்க வேண்டும். ஜன்னல் கொண்டி ஆடுகிறது. நோர்பரியில் ஒரு கடையில் நல்ல முருங்கைக்காய் கிடைக்குமாம், லூயிஷாமில் கிடைக்காததுபோல. ஒருமுறை என் அலமாரியின் கீல்களை முழுக்கக் கழற்றி மாட்டினார், அவை நன்றாகத்தான் இருந்தன. நடுவில் நான் சாப்பிட்டேனா என்று பார்ப்பார், மருந்துச் சீட்டைப் பார்ப்பார். ஆம், டாக்டரிடமும் அவர்தான் கூட்டிப்போனார். வெளியே நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பற்றிக் கேட்கவே மாட்டார். நானாகப் பேசினால் திருகாணியைத் திருகுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். இந்தப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையே இல்லையா என்று சில நாள் எரிச்சல்கூட வந்திருக்கிறது. பிறகு பிறகு, சனிக்கிழமை சாயங்காலமே பாலும் சீனியும் இருக்கிறதா என்று பார்த்துவைக்க ஆரம்பித்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். கழகத்தில் நான் சுட்டு முடித்து, கொடியைச் செருகி, துப்பாக்கியை மேசையில் வைத்தேன். அக்கா இலக்குக் காகிதத்தைப் பார்க்கவேயில்லை, கொடியைப் பார்த்தார். "இப்ப என்ர பேரைப் போடும்" என்றார்.

போட்டேன். போலீஸிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியைச் சுவரில் எங்கே பொருத்தியிருக்கிறேன் என்று பார்த்தார். அவர் வருவதற்கு முந்தின ஞாயிறே அக்கா வந்து எல்லாச் சுவரையும் முட்டியால் தட்டி, எது செங்கல், எது வெறும் பலகை என்று பென்சிலால் குறித்துவைத்திருந்தார். கழகத்திலேயே ஒருவர் விற்ற பழைய செமி ஆட்டோவைத்தான் வாங்கினேன். நான் ஆசைப்பட்ட மாடல் இல்லை. தோளில் வைத்துப் பார்த்து, மூன்று வகைக் குண்டு ஓட்டிப் பார்த்து, அக்கா ஒவ்வொன்றாக அளந்து பார்த்து வாங்கியது. இன்றுவரை ஒரு குண்டும் நடுவில் நின்றதில்லை. வால்நட் கட்டை அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. அது எந்தத் துப்பாக்கிக்கும் சேரவில்லை.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் அக்கா கிளாஸ்கோவுக்குப் போய்விட்டார். யூஸ்டன் ரயில் நிலையத்தில் வழியனுப்பப் போனேன். ரயில் வர நேரமிருந்தது. இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்த ஒன்றை அங்கே கேட்டேன். அது அந்த முதல் ஞாயிறு பற்றியது.

அன்று காலை கதவைத் திறந்தபோது முகம் கழுவக்கூட இல்லை நான். அக்கா கையில் தூக்குச்சட்டி, இடியப்பமும் சொதியும். முந்தின நாள் சண்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. தட்டைத் தேடி எடுத்து, கழுவி, பரிமாறி வைத்தார். இரண்டு வாய் சாப்பிட்டதும் எனக்கு உடைந்துவிட்டது. மதுரையில் படத்துக்கு முன்னால் வராத அழுகை அந்தத் தட்டுக்கு முன்னால் வந்தது. அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் முதுகில் கை வைத்திருந்தார். அழுகை கொஞ்சம் அடங்கியதும், "இது சரியாகுமாக்கா?" என்று கேட்டேன். அவர் 'பார்த்துச் சொல்லுறன்' என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன்.

"ஓம்" என்றார் அக்கா. கேட்டு முடிப்பதற்குள்ளேயே.

யூஸ்டனில் அதைத்தான் கேட்டேன். "அன்னைக்கு எதைப் பாத்துக்கா சொன்னீங்க? உங்களுக்கு அப்ப தெரியுமா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?" அக்கா பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "பார்க்காமல் சொல்லிப்போட்டன். அதுதானே பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்து பார்த்தனான்."